போனான் என்று எழுதுங்கள்

வாஷிங்டன்
1922 பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய திருமதி ப்ளெட்சோ அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் லூஷியஸ் பெட்டவே. இங்கே நம் கறுப்புப் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் இலத்தீன் ஆசிரியன். பள்ளி முடிந்த பிறகு எனக்கு வேறொரு வேலை. நம் மக்கள் எழுதிய கவிதைகளைத் தேடியெடுத்து ஒரே நூலாகத் தொகுத்து வருகிறேன். ஆறு வருடமாகிறது.

போன மாதம் உங்கள் சபைப் பத்திரிகையின் 1911ஆம் ஆண்டுக் கட்டு ஒன்று கிடைத்தது. தொட்டால் பொடியாகிற காகிதம். ஒரு சவ அடக்க அறிவிப்புக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் நடுவில் 'திங்கட்கிழமை' என்றொரு கவிதை. கீழே ஓரின் ப்ளெட்சோ, சவானா என்று பெயர். பத்திரிகையை நடத்திய பெரியவர்தான் உங்கள் விலாசத்தைக் கொடுத்தார்.

அழுக்காய் வந்து வெள்ளையாய்ப் போகும் துணிகளே,
போகிற வழியில் ஒரே ஒரு முறை
வெளுத்த கரையைத் திரும்பிப் பாருங்கள்.

கடைசி மூன்று வரி இவை. படித்துவிட்டு அன்று மாலை வேறொன்றும் படிக்கவில்லை. இதை என் நூலின் முதல் பக்கத்தில் வைக்க விரும்புகிறேன்.

நூலில் ஒரு விதி உண்டு. பெயரில்லாமல் ஒரு கவிதையும் வராது. பெயர், பிறந்த நாள், ஊர், செய்த தொழில், இருக்கிறாரா மறைந்தாரா, இவ்வளவும் ஒவ்வொருவருக்கும் இருக்கும். இருநூறு வருடம் நாம் பாடியதெல்லாம் யார் பாடியது என்று தெரியாமலே போயிற்று. இனி அப்படிப் போகக் கூடாது.

உங்கள் மகனின் விவரமும், இருந்தால் ஒரு புகைப்படமும் அனுப்புவீர்களா? உங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கும்,

லூஷியஸ் பெட்டவே


சவானா
பிப்ரவரி 19

பெட்டவே ஐயாவுக்கு, லுவீனியா ப்ளெட்சோ எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் மூன்று வருடம்தான் பள்ளிக்கூடம் போனவள், அதுவும் பருத்தி எடுக்காத மாதங்களில். படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஐசம் போன நவம்பரில் இறந்தார். படகுத்துறையில் பருத்தி மூட்டை வண்டி ஓட்டியவர். ஒரு வியாழக்கிழமை கழுதையை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். "வர்றேன் லுவீனியா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்" என்றார். நான் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வந்து பார்த்தால் அவ்வளவுதான். இன்னும் அவர் தட்டை எடுத்து வைத்துவிடுகிறேன், பிறகு திரும்ப எடுக்கிறேன். இந்த நிலையில் இருப்பவளிடம் புத்தகம் என்று கேட்டால் என்ன சொல்வேன்.

ஓரின் போய்விட்டான். வருகிற செப்டம்பரோடு ஒன்பது வருடம்.

அந்தப் பாட்டு ஒன்றும் பெரிதில்லை ஐயா. விளையாட்டாக எழுதியது. அதில் வருவது என் துணி வெளுக்கும் முற்றம். எனக்குத் துணி போடுகிற வீட்டு அம்மாக்கள் கண்ணில் பட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள். தவிர, கரை என்று ஏதோ வருகிறதே, எங்கள் முற்றத்தில் கரை ஏது? இரும்புப் பானையும் தொட்டியும்தான் உண்டு.

அதனால் விட்டுவிடுங்கள். நல்ல பாட்டு எழுதினவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். புகைப்படம் எதுவும் இல்லை.

லுவீனியா ப்ளெட்சோ


வாஷிங்டன்
பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய அம்மா,

கணவரையும் இழந்து, அதற்கு முன்பே மகனையும் இழந்த உங்களிடம் தெரியாமல் வந்து தொல்லை கொடுத்துவிட்டேன். மன்னியுங்கள்.

ஆனாலும் கவிதையை விட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இங்கே வெள்ளைப் பேராசிரியர் ஒருவர் என் நண்பரிடம் சொன்னாராம்: உங்கள் ஆட்கள் நன்றாகப் பாடுவார்கள், கவிதை எழுதுவது வேறு சமாச்சாரம். நம்மில் ஒருவர் எழுதினால் அதிசயம் என்று தட்டிக்கொடுப்பார்கள். எண்பத்திரண்டு பேர் ஒரே அட்டைக்குள் வரிசையாக நின்றால் அதிசயம் என்று யார் சொல்ல முடியும்? அதற்காகத்தான் தொகுப்பு. எனக்கு முன்னும் ஓரிருவர் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். தனித்தனிப் பத்திரிகையில் கிடந்தால் எலி தின்னும். நூலாகி நூலகத்துக்குள் போய்விட்டால் பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்று. நம் கவிஞர்களிடம் பத்திரிகைகள் கேட்பதெல்லாம் கோணல் பேச்சும் சிரிப்பும்தான். உங்கள் மகன் அதைச் செய்யவில்லை. தன் வீட்டு முற்றத்தை நேராகப் பார்த்து எழுதியிருக்கிறார். கரை ஏது என்று கேட்டிருந்தீர்கள். நம் முன்னோர் கடலுக்கு அப்பால் விட்டுவந்த கரையை அந்த ஒரு சொல்லில் வைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். என் மாணவர்களுக்கு இதை ஒரு மணி நேரம் விளக்கினேன்.

துயரத்தில் இருக்கும் உங்களை இன்னும் சிரமப்படுத்த வேண்டாம் என்று, மறைந்த ஓரினின் இறந்த தேதியைக் கேட்டு உங்கள் சபைப் போதகருக்கு எழுதியிருக்கிறேன். நீங்கள் சரி என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

லூஷியஸ் பெட்டவே


சவானா
மார்ச் 12

பெட்டவே ஐயா,

போதகருக்கு ஏன் எழுதினீர்கள்? என்னிடம் கேட்டிருக்கலாமே. நான் ஒரு சொல் எழுதினால் போதும் என்றீர்கள். வேண்டாம் என்று எழுதினேனே, அதுவும் சொல்தானே.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து படி இறங்கும்போது ஜில்ஃபா என் கையைப் பிடித்தாள். அடுத்த வீட்டுக்காரி, முப்பது வருடமாகப் பக்கத்துத் தொட்டியில் துவைப்பவள். நல்லவள்தான், வாய்தான் அடங்காது. "ஏன்டி லுவீனியா, ஒம் மவன் என்னிக்குச் செத்தான்னு வாஷிங்டன்லேர்ந்து கேட்டிருக்காங்களாமே. போதகரு சபை நோட்டைப் பொரட்டிப் பொரட்டிப் பாக்குறாரு, அதுல காணோம். கோழி செத்தாக்கூட நான் தேதி சொல்லுவேன்டி" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். போதகர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சொல்லாமல் இருந்தால் நீங்கள் இன்னும் யார் யாருக்கு எழுதுவீர்களோ. அதனால் சொல்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். எனக்குச் சத்தியம் செய்ய வேண்டாம். போட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

ஓரின் போய்விட்டான் என்றுதான் உங்களுக்கு எழுதினேன். இறந்துவிட்டான் என்று எழுதவில்லை. கடிதத்தை வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஊரிலும் அப்படித்தான் சொன்னேன். ஓரின் எங்கே என்று கேட்டார்கள், போயிட்டான் என்றேன். கேட்டவர்கள் ஐயோ என்றார்கள். ஜில்ஃபா பெரிய பாத்திரத்தில் கறியும் சோறும் ஆக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு அழுதாள். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஐசம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். அழுதது பொய்யில்லை ஐயா. அன்றைக்கு அழுதவள் இன்னும் நிறுத்தவில்லை.

நம் ஆட்களில் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு அர்த்தமும் உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா. ஓரினின் நிறம் ஐசமுடைய அம்மாவின் நிறம், பார்த்தால் வெள்ளைக்காரன் என்பார்கள். அது எப்படி வந்தது என்று நம் வீடுகளில் கேட்பதில்லை. டிராமில் கண்டக்டர்கள் அவனை வெள்ளைக்காரர் இருக்கும் முன்பக்கம் போய் உட்காரச் சொல்வார்கள், என்னைப் பின்னால் போகச் சொல்வார்கள். ஒரு நாள் அவன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. பிறகு வெள்ளைக்காரனாகவே வாழ ரயில் ஏறிவிட்டான்.

பெயரையாவது மாற்றிக்கொள்ளடா என்று கெஞ்சினேன். "இந்தப் பேரே நம்மள அடிமையா வச்சிருந்த வெள்ளைக்கார ப்ளெட்சோங்க நமக்குப் போட்டதுதானேம்மா. அவங்க வச்ச பேரோட அவங்ககிட்டயே போறேன். அப்பா கூப்பிட்ட பேரையும் விட்டுட்டா அப்புறம் நான் யாரு?" என்றான். இப்போது கிளீவ்லாந்தில் ஒரு பெரிய கம்பெனி ஆபீசில் இருக்கிறான். மனைவி வெள்ளைக்காரப் பெண், இவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மனைவிக்கு மூன்று அண்ணன்மார். கறுப்பர் எழுதிய கவிதைகள் என்று அட்டை போட்ட புத்தகத்தில் சவானா ஓரின் ப்ளெட்சோ என்று வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். வேலை போகும், வீடு போகும். அதோடு நிற்குமா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் காகிதம் பொடியாகிறது என்றீர்களே. பொடியாகட்டும் ஐயா.

லுவீனியா


வாஷிங்டன்
மார்ச் 17

அம்மா,

உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். போய்விட்டான் என்றுதான் இருக்கிறது. நம்மவர்களின் பேச்சுக்கு நூல் போடப் புறப்பட்டவன் நான், அந்த ஒரு சொல்லைப் படிக்கத் தெரியவில்லை. என் நூலில் இன்னொருவருக்கு 'பிறகு என்ன ஆனார் என்று தெரியவில்லை' என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் படிக்க இப்போது தயக்கமாக இருக்கிறது.

இதைவிட மோசமானதைச் சொல்ல வேண்டும். உங்கள் சம்மதம் எப்படியும் வந்துவிடும் என்று நம்பி, நூல் வரப்போகிறது என்ற அறிவிப்புத் தாளை அச்சடித்து அனுப்பிவிட்டேன். நானூறு தாள். பத்திரிகைகளுக்கும் நூலகங்களுக்கும் போயாயிற்று. எண்பத்திரண்டு பெயரும் ஊரும் அதில் இருக்கின்றன. அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கிளீவ்லாந்து நூலகமும் உண்டு.

நான் செய்த அவசரம். பழியும் என்னுடையது.

கவிதையை எடுத்துவிட முடியும். ஆனால் பெயர் வெளியே போய்விட்டது. அறிவிப்பில் இருந்த ஒருவர் நூலில் இல்லை என்றால் ஏன் என்று கேட்க ஆள் இருக்கிறது. எழுத்தாளர்களில் எனக்குப் பகைவர்கள் குறைவில்லை, என் கணக்கில் ஒரு பிழை கிடைக்காதா என்று காத்திருப்பவர்கள். கேள்வி வந்தால் அது சவானாவில்தான் போய் நிற்கும்.

வேறொரு வழி இருக்கிறது. ஓரின் ப்ளெட்சோ சவானாவில் பிறந்து 1913இல் மறைந்தவர் என்று குறிப்பு வந்தால் அதற்குப் பிறகு ஒருவரும் அவரைத் தேட மாட்டார்கள். கிளீவ்லாந்தில் அதே பெயரில் ஒருவர் இருந்தால் அது வேறொருவர். அச்சான சாவு நல்ல வேலி.

ஆனால் நான் அதை எழுத முடியாது. இந்த நூலில் தெரிந்தே ஒரு பொய் எழுதினால் மற்ற எண்பத்தொரு பேரின் உண்மையையும் யார் நம்புவார்கள்? நீங்கள் எழுதுங்கள். தாயார் எழுதித் தந்தது என்று, நீங்கள் எழுதிய சொற்களை அப்படியே போடுகிறேன். வேண்டாம் என்றால் கவிதையை எடுத்துவிட்டு வருகிற கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். அச்சகம் ஏப்ரல் 20 வரை காத்திருக்கும்.

லூஷியஸ் பெட்டவே


சவானா
ஏப்ரல் 11

பெட்டவே ஐயா,

ஒரு வாரம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். துணியை அடித்து அடித்து ஒரு நல்ல மேசை விரிப்பு கிழிந்துபோயிற்று. பிறகு யோசித்தேன். செத்தவன் என்று நான் எழுதினால் அது புத்தகம். ஊரில் வாயால் சொன்னது மாதிரி இல்லை. நாளைக்கு அவன் மனம் மாறி வந்து வாசலில் நின்றாலும், உள்ளே வா என்று சொல்ல என்னால் ஆகாது. நீங்கள் நூலகத்தில் இருக்கும் என்று சொல்கிற புத்தகம் அவனை வெளியே நிறுத்திவிடும். இதை நான் தனியாகச் செய்ய முடியாது. அதனால் அவனிடமே கேட்டேன்.

எப்படிக் கேட்டேன் என்று சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை அவனுக்கு எழுதுவேன். அம்மாவாக இல்லை. அவனை வளர்த்த கறுப்பு ஆயா என்று. வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஆயா இருந்து கடிதம் எழுதுவது சாதாரணம்தானே. "சின்ன ஐயாவுக்கு, உங்கள் பழைய ஆயா எழுதுவது" என்று ஆரம்பிப்பேன். வீட்டு விலாசத்துக்குத்தான். ஆபீசுக்கு எழுதாதே என்று சொல்லியிருக்கிறான். அவன் மனைவி பெயர் க்ளாரா. அவள்தான் பிரித்து, சாப்பாட்டு மேசையில் உரக்கப் படிப்பாளாம். ஆயாவின் கடிதம் என்றால் அவளுக்குப் பிடிக்குமாம்.

ஐசம் இறந்தபோதும் அப்படித்தான் எழுதினேன். சின்ன ஐயா, உங்களைத் தோளில் தூக்கிப்போன வண்டிக்காரர் ஐசம் தவறிவிட்டார் என்று. அவனிடமிருந்து பதில் வந்தது. வண்டிக்காரரின் குடும்பத்துக்கு அனுதாபம் தெரிவித்திருந்தான். கடிதத்தின் பாதியில் ஒரு இடத்தில் மை கொட்டியிருந்தது. அவன் எழுதினால் மை கொட்டாது.

இந்தத் தடவை இப்படி எழுதினேன். சின்ன ஐயா, உங்களோடு விளையாடின பையன் ஒருவன் பாட்டு எழுதுவானே, நினைவிருக்கிறதா. அதைப் புத்தகத்தில் போட ஒரு பெரியவர் கேட்கிறார். அவன் இறந்துவிட்டான் என்று சொல்லிவிடட்டுமா, இல்லை பாட்டே வேண்டாம் என்று சொல்லட்டுமா. பெயர் எழுதவில்லை. கடைசி மூன்று வரியை மட்டும் உங்கள் கடிதத்தைப் பார்த்து எழுதினேன்.

நேற்று பதில் வந்தது. உங்களுக்காக எழுதி அனுப்புகிறேன்.

"அன்புள்ள ஆயா, அந்தப் பையனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் இறந்துவிட்டதாகவே சொல்லிவிடு. அப்படிச் சொல்வதால் அவனுக்கு நட்டமில்லை. ஆனால் பாட்டை விட்டுவிடாதே. அவனிடம் மிச்சமிருப்பது அதுதான். இன்னொன்றையும் பெரியவரிடம் சொல். பத்திரிகைக்காரர்கள் ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். 'கரையை' அல்ல, 'கரத்தை'. வெளுத்த கரத்தைத் திரும்பிப் பாருங்கள். அவன் அதற்காக அப்போதே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். என் மனைவியும் அந்தப் பையனுக்காக வருத்தப்பட்டாள்."

கரம் ஐயா. என் கை. பதினோரு வருடமாகக் கரை என்று படித்துக்கொண்டு, இது எனக்குப் புரியாத பெரிய விஷயம் என்று இருந்தேன்.

குறிப்பு இதோ. நான் எழுதினபடியே போடுங்கள். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

"ஓரின் ப்ளெட்சோ. 1889 நவம்பர் 2ஆம் தேதி சவானாவில் பிறந்தான். அப்பா பருத்தி வண்டி ஓட்டினார், அம்மா துணி வெளுக்கிறாள். படகுத்துறையில் கணக்கெழுதினான். 1913 செப்டம்பர் 9ஆம் தேதி போனான். அவனுக்காக அழுதார்கள்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. படிக்கிறவர்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் அது அவர்கள் பாடு. உங்கள் விதியும் கெடாது. அந்தத் தேதி அவன் ரயில் ஏறின நாள்.

லுவீனியா


வாஷிங்டன்
அக்டோபர் 4

அம்மா,

நூல் வெளிவந்துவிட்டது. உங்களுக்கான பிரதி முன்பே கிடைத்திருக்கும். மே மாதமே எழுதியிருக்க வேண்டும், அச்சுப்படி திருத்துவதில் நாள் போய்விட்டது. கரையைக் கரமாக்கியபோது என் மாணவர்களிடம் போய், அன்று நான் கடல்தாண்டி விளக்கியதெல்லாம் ஒரு அச்சுப்பிழை என்று ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் சிரித்தார்கள். "சார், கரைக்கு வந்துட்டீங்களா?" என்று வராந்தாவில் நின்று கேட்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் இப்போது அந்தக் கவிதையைப் பார்க்காமல் சொல்கிறார்கள். நம் பள்ளிகள் பன்னிரண்டு பிரதி வாங்கியிருக்கின்றன. வெள்ளைப் பத்திரிகை ஒன்று, இத்தனை பேர் இருந்தார்களா என்று எழுதியது. அந்த ஒரு வரி போதும் எனக்கு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நேற்று பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. வகுப்பு நடுவில் பிரித்தேன். மீதி வகுப்பை எப்படி நடத்தினேன் என்று தெரியவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

"உங்கள் தொகுப்பை எங்கள் ஊர் நூலகத்தில் படித்தேன். 'திங்கட்கிழமை' எழுதிய கவிஞருக்கு என் கணவரின் பெயர். பிறந்த நாளும் அதே நாள். வருகிற நவம்பர் இரண்டாம் தேதிக்குள் ஒரு பிரதி கிடைத்தால் அவருக்குப் பரிசளிக்க விரும்புகிறேன். அந்தக் கவிஞரின் தாயார் இன்னும் இருக்கிறாரா என்றும் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன். இப்படிக்கு, திருமதி ஓரின் ப்ளெட்சோ, கிளீவ்லாந்து."

பிறந்த நாள். நான்கு முறை அச்சுப்படி திருத்தினேன், அம்மா. இறந்த நாளை மட்டும்தான் பார்த்தேன். பிறந்த நாளையும் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

நூல் தீர்ந்துவிட்டது என்று எழுதட்டுமா? தாயார் காலமானார் என்று எழுதட்டுமா? விதி பற்றி இனி நான் பேசவில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் எழுதுகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

லூஷியஸ் பெட்டவே


சவானா
அக்டோபர் 20

பெட்டவே ஐயா,

சீக்கிரம் சொல்லச் சொன்னீர்கள். முடியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

புத்தகம் வந்தது. சோப்புக் கையோடு தொட வேண்டாம் என்று ஞாயிறு வரைக்கும் பிரிக்காமல் வைத்திருந்தேன். சபையில் போதகர் குறிப்பை உரக்க வாசித்தார். ஜில்ஃபா என்னைக் கட்டிக்கொண்டு, "இப்பவாச்சும் ஒரு தேதி சொன்னியேடி, இத்தன வருசமா நெஞ்சுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தியா" என்று அழுதாள். போதகர் என்னைப் பார்த்தார். அவர் குரல் 'போனான்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று பிறகு போயிற்று. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் வாசித்தார்.

பிறந்த நாளுக்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அது என் கை எழுதினது. சாவு எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்த்து வைத்தேன். பிறந்ததை யோசிக்கவே இல்லை. அதை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் அங்கே இருந்தவள் ஐயா. மழை பெய்தது, ஐசம் மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினார், அவர் வருவதற்குள் பிறந்துவிட்டான். அந்த நாளை வேறு நாள் என்று எழுத என் கைக்கு வராது.

அவள் கடிதத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். இப்படிக் கேட்கிற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இல்லாவிட்டால் எல்லாம் தெரியும் என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைவு வந்தது. ஆயா எழுதின மூன்று வரியை மார்ச்சு மாதமே அவள்தானே பிரித்து உரக்கப் படித்திருப்பாள். பாட்டு எழுதின அந்தப் பையனுக்காக வருத்தப்பட்டவள். அதே வரிகள் புத்தகத்தில், புருஷனின் பெயருக்குக் கீழே, புருஷனின் பிறந்த நாளோடு. தெரியாமல் கேட்கிறாள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தெரிந்தால் ஏன் வாங்குகிறாள் என்றுதான் புரியவில்லை. அண்ணன்மாரிடம் காட்ட ஒரு சாட்சிக்கா? அதற்குத் தாயார் எதற்கு? வசைபாடவா, பார்க்கவா? பரிசு என்கிறாள். அவன் எதிரில் உட்கார்ந்துகொண்டு, வாசியுங்கள் என்று சொல்வாளோ. அவன் முகத்தைப் பார்ப்பாளோ. இரண்டாம் தேதி நெருங்குகிறது. அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும் வழியில்லை. நான் எழுதுவதெல்லாம் முதலில் அவள் கைக்குத்தான் போகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். புத்தகத்தை அனுப்புங்கள். தீர்ந்துவிட்டது என்று எழுதினால் சந்தேகம்தான் கூடும். தேதிக்குள் போய்ச் சேரட்டும். உள்ளே சீட்டு எதுவும் வைக்க வேண்டாம். வேறு எந்த வீட்டுக்கும் அனுப்புவது மாதிரி அனுப்புங்கள்.

தாயாரைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுதாதீர்கள். செத்துப்போனாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஒரு வீட்டுக்கு ஒரு சாவு போதும். சும்மா கேட்டவளானால் அத்தோடு மறந்துவிடுவாள். ஆனால் இரண்டாவது தரம் கேட்டு எழுதினாள் என்றால், என் விலாசத்தைக் கொடுத்துவிடுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அவள் எனக்கு எழுதினால் நானே பதில் எழுதுவேன். போதகரிடமோ பள்ளிக்கூடத்துப் பெண்ணிடமோ எழுதச் சொல்ல மாட்டேன். எத்தனையோ வருடமாக என் கையெழுத்தை ஆயாவின் எழுத்து என்று படிக்கிறவள் அவள். உறையைப் பார்த்ததுமே தெரிந்துகொள்வாள். தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. ஐயோ என் பிள்ளை என்று அடுத்த நிமிடம் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறேன்.

காலை பத்து மணிக்கு எங்கள் தெருவுக்குத் தபால் வரும். அந்த நேரத்தில் இப்போது நான் துவைப்பதில்லை. ஒன்பதரைக்கே கையைத் துடைத்துக்கொண்டு, நன்றாகக் காயட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

லுவீனியா ப்ளெட்சோ